பொம்மைக் கண்காட்சியில் வரும் புது போர்டு கேம்கள்: டெல்டா குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜனவரி கடைசியில் ஜெர்மனியில் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சி நடக்கும். அது முடிந்த வாரமே நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் புதுப் புது போர்டு கேம் வீடியோக்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ லீவுக்கு வரும் சித்தப்பா "பிள்ளைகளுக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்பார், இங்கே யாருக்கும் சொல்லத் தெரியாது, கடைசியில் பெட்டி நிறைய சாக்லேட்டும் ஒரு ரிமோட் காரும்தான் வந்து இறங்கும். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு வாரக் கடைசியில் நாலு வீட்டுப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டி வைத்து இந்த விளையாட்டுகளை ஆடுவதால் என்னிடம் பலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் என் பதில்களும்தான் கீழே இருப்பது.

நியூரம்பெர்க் கண்காட்சி என்பது என்ன? நாம் போய்ப் பார்க்க முடியுமா?

1950-இலிருந்து நடக்கும் வணிகக் கண்காட்சி அது. பொம்மை, ரயில் மாடல், புதிர், போர்டு கேம் எல்லாம் அங்கே வரும், ஆனால் கடைக்காரர்கள், இறக்குமதியாளர்கள், பத்திரிகைக்காரர்கள் போன்ற தொழில்முறை ஆட்களுக்கு மட்டும்தான் அனுமதி. நீங்களும் நானும் டிக்கெட் எடுத்துப் போக முடியாது. குடும்பத்தோடு போய் மேசையில் உட்கார்ந்து ஆடிப் பார்த்து வாங்கவேண்டும் என்றால் அதே ஜெர்மனியில் எஸ்ஸென் நகரில் அக்டோபர் மாதம் ஷ்பீல் என்ற திருவிழா நடக்கிறது. 1983-இல் தொடங்கியது, நாலு நாள் நடக்கும், பொதுமக்களுக்குத்தான். உங்கள் பிள்ளை ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தால் எஸ்ஸெனுக்குப் போகச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். நியூரம்பெர்க்கில் காட்டுவதில் பல விளையாட்டுகள் அந்த ஆண்டு பிற்பாடுதான் கடைக்கு வரும். பிப்ரவரியில் வீடியோ பார்த்துவிட்டு உடனே தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் வெளிநாட்டு விலையோடு கப்பல் கூலியும் சேர்ந்து மலைக்க வைக்கும்.

'குடும்ப வியூக விளையாட்டு' என்று எதைச் சொல்கிறீர்கள்? தாயம் அதில் சேருமா?

தாயத்தில் கட்டை என்ன விழுகிறதோ அதுதான் பாதி ஆட்டம். எந்தக் காயை நகர்த்துவது, இப்போது வெட்டுவதா, இல்லை பழத்துக்கு ஓட்டுவதா என்று யோசிக்க இடம் இருக்கிறது, அதனால் அதில் வியூகமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தாயமே விழாமல் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளையின் முகம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் இங்கே பேசுவது வேறு வகை. ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன முடிவு எடுத்தாகவேண்டும், அந்த முடிவு பின்னால் பலன் தரும். அதிர்ஷ்டம் கொஞ்சம் இருக்கும், அதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்காது. யாரும் பாதியில் வெளியேற்றப்படுவதில்லை, கடைசிவரை எல்லாரும் ஆடுகிறார்கள், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது. எட்டு வயதுப் பிள்ளையும் அறுபத்தைந்து வயது அப்பாயியும் ஒரே பலகையில் சமமாக ஆடமுடியும். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியம். ஒரு விளையாட்டு எவ்வளவு புதிது, பெட்டியில் எத்தனை பிளாஸ்டிக் பொம்மை இருக்கிறது என்பதையெல்லாம் விட, உங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தால் யார் யார் வந்து உட்காருவார்கள் என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும். கீழே நான் சொல்லும் எல்லாப் பதிலும் இதிலிருந்துதான் வருகிறது.

கண்காட்சியில் புதிதாக வந்ததை உடனே வாங்கலாமா?

வேண்டாம், ஒரு வருஷம் பொறுங்கள். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் புது விளையாட்டுகள் வருகின்றன, அதில் பெரும்பாலானவை இரண்டு வருஷத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

வடிகட்டித் தர ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஷ்பீல் டெஸ் யாரெஸ் என்பது ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருது, 1979-இலிருந்து கொடுக்கிறார்கள். விளையாட்டு விமர்சகர்கள் கொண்ட குழு ஒன்று தேர்ந்தெடுக்கிறது, முடிவு வழக்கமாக ஜூலையில் வரும். ஜெயித்த பெட்டியின் மேல் சிவப்புக் காய் போட்ட முத்திரை இருக்கும். சிவப்பு என்றால் குடும்பத்துக்கு, நீலம் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு, கரும்சாம்பல் என்றால் ஏற்கெனவே பழகினவர்களுக்கு. கரும்சாம்பல் முத்திரையை முதல் தடவையிலேயே வாங்கிவிடாதீர்கள்.

சமீபத்தில் சிவப்பு முத்திரை வாங்கியவை: 2022-இல் காஸ்கேடியா, 2023-இல் டோர்ஃப்ரோமான்டிக், 2024-இல் ஸ்கை டீம், 2025-இல் பாம் பஸ்டர்ஸ். இதில் ஸ்கை டீம் இரண்டு பேருக்கு மட்டும், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

விருது வாங்காமலே நன்றாக ஓடும் விளையாட்டும் உண்டு. 2024-இல் வந்த ஹார்மனிஸ் அப்படி. வண்ண வண்ண மர வில்லைகளை அடுக்கி மலை, மரம், ஆறு என்று நிலம் அமைக்கவேண்டும், அந்த அமைப்பு பொருந்தினால் அங்கே ஒரு விலங்கைக் குடிவைக்கலாம். ஆடி முடித்ததும் பலகை பார்க்கவே அழகாக இருக்கும், பிள்ளைகள் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

சரி, முதன்முதலாக ஒன்றே ஒன்று வாங்கவேண்டும். எது?

நாலு பேர் வரை என்றால் கிங்டொமினோ. ப்ரூனோ கதாலா உருவாக்கியது, 2017-இல் அந்த விருதை வாங்கியது. மொத்தம் 48 டோமினோ அட்டைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பாதி, உதாரணத்துக்கு ஒரு பாதியில் வயல் இருந்தால் இன்னொன்றில் காடோ ஏரியோ இருக்கும். ஒரே வகை நிலத்தை ஒட்டி ஒட்டி வைத்து ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் உங்கள் ராஜ்யத்தைக் கட்டவேண்டும். சில நிலத்தில் கிரீடம் இருக்கும், கடைசியில் அந்த நிலம் எத்தனை கட்டம் என்பதை அதிலுள்ள கிரீட எண்ணிக்கையால் பெருக்கவேண்டும். பத்துக் கட்ட வயலில் கிரீடமே இல்லையென்றால் பூஜ்யம்! இதைப் பிள்ளைகள் முதல் ஆட்டத்திலேயே பிடித்துக்கொள்வார்கள், பெருக்கல் வாய்ப்பாட்டுக்குப் பயிற்சியும் ஆகிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அட்டை எடுக்கும் முறை. நல்ல அட்டையை நீங்கள் எடுத்தால் அடுத்த சுற்றில் உங்கள் முறை கடைசியில் வரும், சுமாரானதை எடுத்தவர் அடுத்த தடவை முதலில் எடுப்பார். நம் ஊரில் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போலத்தான், இன்றைக்கு நிறையப் பாய்ச்சிக்கொண்டவன் நாளைக்குக் காத்திருக்கவேண்டும். இதை இப்படிச் சொல்லிக் கொடுத்தால் தாத்தாக்களுக்கு இரண்டாவது விளக்கம் தேவைப்படாது. கால்மணி நேரத்தில் ஒரு ஆட்டம் முடியும், முடிந்ததும் "இன்னொண்ணு" என்பார்கள்.

ஐந்து பேர் இருக்கிறீர்கள் என்றால் கார்கசோன். பிரான்சில் இருக்கும் கோட்டை நகரத்தின் பெயர் அது. விளையாட்டு 2000-இல் வந்தது, 2001-இல் விருது வாங்கியது. 72 சதுர அட்டைகள். ஒன்றை எடு, ஏற்கெனவே கிடப்பதோடு பொருந்தும்படி வை, விருப்பமிருந்தால் உன் மர ஆளை அதில் நிறுத்து. அவ்வளவுதான். சாலை சாலையோடு, கோட்டை மதில் மதிலோடு, வயல் வயலோடு சேரவேண்டும். பகடை கிடையாது, ஆளாளுக்குக் கையில் மறைத்து வைக்கும் சீட்டும் கிடையாது, எல்லாம் கண்ணெதிரே. அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தை "அங்க வைடா, இங்க வைடா" என்று சொல்லிக்கொண்டே கற்றுக்கொள்வார், அடுத்த ஆட்டத்தில் அவரே இறங்கிவிடுவார். வயலில் ஆளைப் படுக்கவைத்து கடைசியில் மதிப்பெண் எடுக்கும் விதி ஒன்று இருக்கிறது. கொஞ்சம் குழப்பும் விதி, முதல் இரண்டு ஆட்டத்துக்கு அதை எடுத்துவிடுங்கள். அப்புறம் சேர்த்தால், நம் ஆட்கள் அந்த வயலுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள்.

அசூல், டிக்கெட் டு ரைடு இரண்டில் எது நல்லது என்று கேட்டால்?

இரண்டும் வேறு வேறு மனநிலைக்கு.

அசூல் 2017-இல் வந்தது, 2018-இல் விருது. போர்ச்சுகல் நாட்டு அரண்மனைச் சுவரில் ஓடு பதிப்பதுதான் கதை. நூறு ஓடுகள், ஐந்து நிறம், கையில் எடுத்தால் கனமாக இருக்கும், பையில் கைவிட்டுத் துழாவும் சத்தமே பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஓடுகள் பரப்பியிருக்கும் ஒரு வட்டிலிலிருந்து ஒரு நிறத்தை எடுத்தால் அந்த நிறம் அங்கே எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் எடுத்தாகவேண்டும், மிச்சம் நடுவுக்குப் போகும். உங்களுக்கு வேண்டாத ஓடு நாலைந்து நடுவில் சேர்ந்துகொண்டே போகும், கடைசியில் அது உங்கள் தலையில் விழுந்தால் மதிப்பெண் குறையும். பார்க்கச் சாந்தமான விளையாட்டு, ஆனால் அடுத்தவருக்கு எதை விட்டுவைக்கிறோம் என்று கணக்குப் போடத் தெரிந்தவர் கையில் காரம் ஏறிவிடும். ரம்மியில் எதிராளிக்கு எது வேண்டும் என்று கவனித்தே சீட்டு இறக்குகிறவர்கள் வீட்டில் இருந்தால் இதில் கலக்குவார்கள்.

டிக்கெட் டு ரைடு ஆலன் ஆர். மூன் உருவாக்கியது, 2004-இல் விருது வாங்கியது. ஆளுக்கு 45 குட்டி ரயில் பெட்டிகள். கையில் உள்ள டிக்கெட்டில் இரண்டு ஊர் போட்டிருக்கும், நிறச் சீட்டுகளைச் சேர்த்து அந்த ஊர்களுக்கு நடுவே தண்டவாளம் போட்டு இணைக்கவேண்டும். இணைக்க முடியாமல் போனால் அந்த மதிப்பெண் கழியும். இரண்டிலிருந்து ஐந்து பேர் ஆடலாம். மயிலாடுதுறை சந்திப்பில் ரயில் மாறிப் பழகின நமக்கு இதை விளக்கவே வேண்டாம், பிள்ளைகள் வரைபடத்தைப் பார்த்ததும் இறங்கிவிடுவார்கள். அடிப்படைப் பெட்டியில் வட அமெரிக்க வரைபடம் இருக்கும். இந்திய வரைபடம் தனியாக 2011-இல் வந்தது, ஸ்விட்சர்லாந்தும் அதன் மறுபக்கத்தில் இருக்கும், ஆனால் அதை ஆட அடிப்படைப் பெட்டியின் ரயில்கள் வேண்டும். தெரியாமல் இந்திய வரைபடத்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

எல்லாரும் பேசிச் சிரித்துக்கொண்டே ஆடவேண்டும் என்றால் டிக்கெட் டு ரைடு. இரண்டு மூன்று பேர் சத்தமில்லாமல் மூளையைக் கசக்கவேண்டும் என்றால் அசூல்.

எல்லாரும் கட்டான், கட்டான் என்கிறார்களே?

சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. கிளவுஸ் டாய்பர் உருவாக்கி 1995-இல் வந்தது, அதே ஆண்டு விருது வாங்கியது, உலகம் முழுக்க நாலு கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. ஜெர்மன் பாணிக் குடும்ப விளையாட்டை உலகத்துக்குக் கொண்டுபோனதில் இதற்குத்தான் முதல் பங்கு. 2025-இல் முப்பது ஆண்டு நிறைவை ஒட்டிப் புதுப் பதிப்பும் வந்தது.

19 அறுகோண நிலங்கள் சேர்ந்து ஒரு தீவு. காட்டில் மரம், களிமண்ணில் செங்கல், மேய்ச்சல் நிலத்தில் கம்பளி, வயலில் தானியம், மலையில் தாது. ஒன்றும் விளையாத பாலைவனம் தவிர ஒவ்வொரு நிலத்திலும் ஒரு எண் இருக்கும், இரண்டு பகடையின் கூட்டுத்தொகை அந்த எண்ணாக விழுந்தால் அங்கே வீடு வைத்திருப்பவருக்கு விளைச்சல். 6, 8 இரண்டும் அடிக்கடி விழும் என்பதால் சிவப்பில் அச்சிட்டிருப்பார்கள். 2-ம் 12-ம் எப்போதாவதுதான் விழும். அதாவது எங்கே வீடு கட்டுவது என்பதிலேயே நிகழ்தகவுக் கணக்கு இருக்கிறது, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் பாடம் புத்தகத்தில் புரிவதைவிட இங்கே சீக்கிரம் புரியும்.

அதைவிடப் பெரிய விஷயம் பண்டமாற்று. "எனக்கு ஒரு செங்கல் குடு, ரெண்டு தானியம் தர்றேன்" என்று ஆட்டம் முழுக்கப் பேரம் நடக்கும். சந்தையில் வாழைத்தார் ஏலம் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது சொல்லித்தரவேண்டிய வித்தை இல்லை. வாயே திறக்காத பிள்ளை கூட இதில் பேசித்தான் ஆகவேண்டும், கூச்ச சுபாவம் உள்ள ஒரு பெண் நாலாவது ஆட்டத்தில் தன் பெரியப்பாவிடம் கறாராகப் பேரம் பேசியதை நான் பார்த்திருக்கிறேன், அந்த மகிழ்ச்சிக்காகவே இந்தப் பெட்டியைப் பரிந்துரைப்பேன்.

ஆனால் முதல் விளையாட்டாக வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று அல்லது நாலு பேர் மட்டும்தான் ஆடலாம், ஐந்து ஆறு பேருக்கு விரிவாக்கம் தனியாக வாங்கவேண்டும். ஒன்றரை மணி நேரம் வரை இழுக்கும். 7 விழுந்தால் திருடன் வந்து உங்கள் நிலத்தில் உட்காருவான், ஏழு சீட்டுக்கு மேல் வைத்திருப்பவர் பாதியைத் தொலைக்கவேண்டும். ஆரம்பத்தில் தப்பான இடத்தில் வீடு வைத்த சின்னப் பிள்ளை ஒரு மணி நேரம் ஒன்றும் கிடைக்காமல் தவிக்கும். கிங்டொமினோவும் கார்கசோனும் பழகிய பிறகு, வீட்டில் எல்லாருக்கும் பத்து வயதுக்கு மேல் ஆனபின் வாங்குங்கள்.

அப்பாயிக்கு இங்கிலீஷ் தெரியாது, கண்ணும் மங்கல். ஆட முடியுமா?

தாராளமாக. நான் மேலே சொன்னவற்றில் கிங்டொமினோ, கார்கசோன், அசூல் மூன்றிலும் ஆடும்போது படிக்கவேண்டிய எழுத்தே கிடையாது. விதிப்புத்தகம் மட்டும்தான் இங்கிலீஷில் இருக்கும், அதை ஒருவர் முதல் நாள் ராத்திரியே படித்துவைத்துக்கொண்டால் போதும். டிக்கெட் டு ரைடில் ஊர்ப்பெயர் இங்கிலீஷில்தான், ஆனால் ஒவ்வொரு டிக்கெட்டிலும் அந்த ஊர்கள் வரைபடத்தில் எங்கே இருக்கின்றன என்று குறித்திருப்பதால் சமாளிக்கலாம்.

சொல்லிக்கொடுக்கும்போது விதிப்புத்தகத்தை எடுத்து வரிவரியாக வாசிக்காதீர்கள், பெரியவர்கள் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார்கள். "கடைசியில் யார் ஜெயிப்பாங்க" என்பதை முதலில் சொல்லுங்கள், அப்புறம் "உங்க முறை வந்தா இதுல ஒண்ணு செய்யலாம்" என்று காட்டுங்கள், உடனே ஆட ஆரம்பித்துவிடுங்கள். மிச்ச விதி வரும்போது வரட்டும். முதல் ஆட்டத்தை எல்லாரும் கையை விரித்துவைத்து ஆடினால் இன்னும் நல்லது.

கண் விஷயத்தில் கவனம் தேவை. மாலை ஆறு மணிக்கு மேல் ஒற்றை பல்பு வெளிச்சத்தில் அடர்நீலமும் கறுப்பும் பெரியவர்களுக்கு ஒன்றாகத் தெரியும். அசூலின் ஓடுகளில் சில நிறத்துக்குக் கோலமும் வேறு வேறாக இருப்பதால் ஓரளவு பிரித்தறியலாம். தரையில் உட்கார முடியாதவர்களுக்குக் கட்டிலின் மேல் பெரிய தாம்பாளத்தை வைத்து அதில் பலகையை விரித்துவிடுங்கள், காயும் உருண்டு ஓடாது.

ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன?

குவர்க்கிள், ப்ளோக்கஸ். குவர்க்கிளில் 108 மரக்கட்டைகள், ஆறு நிறம், ஆறு வடிவம். ஒரே நிறமோ ஒரே வடிவமோ வரிசையாகச் சேர்க்கவேண்டும், 2011-இல் விருது வாங்கியது. ப்ளோக்கஸில் ஆளுக்கு 21 துண்டு, உங்கள் நிறத்துத் துண்டுகள் மூலையோடு மூலை மட்டும்தான் தொடலாம், பக்கத்தோடு பக்கம் ஒட்டக்கூடாது. விதி இந்த ஒரே வரிதான், ஆனால் பெரியவர்களே திணறுவார்கள்.

மூன்று வயதுக்குக் கீழே தம்பி தங்கை வீட்டில் தவழ்ந்துகொண்டிருந்தால் எந்தப் பெட்டியாக இருந்தாலும் ஆடி முடித்த கையோடு காய்களை எண்ணி எடுத்து வையுங்கள். வாயில் போட்டுக்கொள்ளும் அளவுதான் எல்லாமே.

தோற்றால் பிள்ளை அழுகிறது, அண்ணன் தம்பி சண்டை போடுகிறார்கள். என்ன செய்வது?

எல்லாரும் சேர்ந்து ஒரே பக்கம் ஆடும் விளையாட்டுகள் வந்து பல வருஷம் ஆகிறது. ஜெயித்தால் எல்லாரும் ஜெயிப்பார்கள், தோற்றால் எல்லாரும் தோற்பார்கள். மேட் லீக்காக் உருவாக்கிய ஃபார்பிடன் ஐலண்ட் நல்ல தொடக்கம், 2010-இல் வந்தது. ஒரு தீவு கொஞ்சம் கொஞ்சமாக நீரில் மூழ்கிக்கொண்டே இருக்கும், முழுக்க மூழ்குவதற்குள் நாலு புதையலையும் எடுத்துக்கொண்டு எல்லாரும் தப்பிக்கவேண்டும். கொள்ளிடக் கரையில் வெள்ள எச்சரிக்கை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இதை எவ்வளவு தீவிரமாக ஆடுகிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

இந்த வகையில் ஒரு சிக்கல் உண்டு: வீட்டில் ஒரு மாமா இருப்பார், எல்லாருடைய முறையையும் அவரே ஆடுவார், "நீ இங்க போ, நீ அதை எடு" என்று. மற்றவர்கள் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். 2025-இல் விருது வாங்கிய பாம் பஸ்டர்ஸ் இதை அழகாகத் தீர்த்திருக்கிறது. ஹிசாஷி ஹயாஷி என்ற ஜப்பானியர் உருவாக்கியது. ஒவ்வொருவர் முன்னாலும் எண் போட்ட கட்டைகள் சின்னதிலிருந்து பெரிதாக வரிசையாக நிற்கும், எண் அவருக்கு மட்டும்தான் தெரியும். உங்களிடம் 7 இருந்தால், அடுத்தவரின் எந்தக் கட்டை 7 என்று ஊகித்துச் சுட்டிக்காட்டவேண்டும். உங்கள் கட்டைகளைப் பார்க்க முடியாத மாமா உங்களுக்காக ஆட முடியாது! 66 சவால்கள் இருக்கின்றன, எளிதில் தொடங்கி வரவரக் கடினமாகும். வெடிகுண்டு செயலிழக்க வைப்பதுதான் கதை என்பது சில பெற்றோருக்குச் சங்கடமாக இருக்கலாம், ஆட்டத்தில் வன்முறை ஒன்றும் இல்லை.

அதே சமயம், தோற்பதைப் பழகவே விடாமல் வளர்ப்பதும் சரியில்லை. அழுகிற பிள்ளைக்குக் கால்மணி நேர ஆட்டம்தான் மருந்து. தோற்றதும் உடனே இன்னொன்று தொடங்கிவிடலாம்.

நம்மிடம் ஆடுபுலியும் பல்லாங்குழியும் இருக்கும்போது வெளிநாட்டு விளையாட்டு எதற்கு?

இந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆடுபுலி உலகத்தரமான வியூக விளையாட்டு, இதில் எனக்கு இம்மியும் சந்தேகம் இல்லை. மூன்று புலி, பதினைந்து ஆடு, இரண்டு பக்கமும் பலம் வேறு, இலக்கும் வேறு. புலி தாண்டி வெட்டவேண்டும், ஆடுகள் சேர்ந்து புலியை அடைக்கவேண்டும். இப்படிச் சமமில்லாத இரண்டு தரப்பை வைத்து ஆட்டம் கட்டுவதை இன்றைய வடிவமைப்பாளர்கள் பெரிய புதுமையாக நினைத்துச் செய்கிறார்கள், நம் ஊரில் மண்டபத் தரையிலேயே கோடு கிழித்து ஆடியிருக்கிறார்கள். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த கணிதமேதை ராமானுஜன் சிறுவயதில் அம்மாவோடு ஆடுபுலி ஆடியவர். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் என்ற பெயரிலேயே சிவன் இருக்கிறார், சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத ராஜகுமாரியை ஆடி வென்றார் என்பது தலபுராணம். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது அந்தக் கோயில் நாடு முழுக்கப் பேசப்பட்டது. விளையாட்டை இவ்வளவு பெரிதாக மதித்த ஊர் நம்முடையது.

ஆனாலும் ஆடுபுலி, பல்லாங்குழி, சதுரங்கம் மூன்றுமே இரண்டு பேர் ஆட்டம். விடுமுறைக்கு அஞ்சு பேர் கூடினால் மூன்று பேர் வேடிக்கைதான் பார்க்கவேண்டும், அந்த மூன்று பேர் கைக்கும் உடனே போன் போய்விடும். இன்னொன்று, ஆடுபுலியில் பழகினவர் புதிதாக வருபவரை ஒவ்வொரு தடவையும் தோற்கடிப்பார். நான் மேலே சொன்ன பெரும்பாலான விளையாட்டுகளில் சின்ன அளவு அதிர்ஷ்டம் கலந்திருப்பதால் பத்து வயதுப் பிள்ளை தாத்தாவை நேர்மையாகவே ஜெயிக்க முடியும். அதனால் இரண்டும் வேண்டும். கிங்டொமினோ வாங்கும் வீட்டில் ஒரு ஆடுபுலிப் பலகையும் இருக்கட்டும், சாக்பீஸும் புளியங்கொட்டையும் இருந்தால் அதற்குச் செலவே இல்லை. சென்னையில் கிரீடா போன்றவர்கள் பழைய விளையாட்டுகளை நல்ல பெட்டியில் போட்டும் விற்கிறார்கள்.

விலை அதிகமாக இருக்கிறதே? மலிவாக வருவதை வாங்கலாமா?

அதிகம்தான். நம் கடைவீதியில் லூடோவும் பிசினஸும் வாங்கிப் பழகினவர்களுக்கு ஒரு பெட்டி இரண்டாயிரம், மூன்றாயிரம் என்றால் நெஞ்சு அடைக்கும். நாலு வீடு சேர்ந்து ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கி மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்வதுதான் நான் சொல்லும் வழி. கிராம நூலகத்துக்கோ பள்ளிக்கோ பழைய மாணவர்கள் சேர்ந்து இரண்டு பெட்டி வாங்கிக் கொடுத்தாலும் ஊருக்கே பயன்படும்.

ஆன்லைனில் பாதி விலைக்கு வருவதில் போலி நிறைய. அட்டை மெலிதாக இருக்கும், பொருந்தவேண்டிய ஓரம் பொருந்தாது, நிறம் ஒரே மாதிரி அச்சாகியிருக்காது, விதிப்புத்தகம் மங்கலாக இருக்கும். கார்கசோன் மாதிரி அட்டைகளே உயிராக இருக்கும் விளையாட்டில் போலி வாங்கினால் ஆடவே முடியாது. இன்னொன்றும் பாருங்கள், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், சாயமும் பிளாஸ்டிக்கும் பிள்ளைகள் கையில் போகும் பொருள் என்பதால் அதில் அலட்சியம் வேண்டாம்.

மழைக்காலத்தில் அட்டையெல்லாம் ஊறி வளைந்துவிடுகிறது, பூச்சி வேறு. எப்படிப் பாதுகாப்பது?

நம் ஊரில் இது பெரிய பிரச்சினைதான். ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும். ஆனால் கலெக்டர் லீவு விட்டு, கரண்டும் போய், பிள்ளைகள் வீட்டிலேயே அடைந்து கிடப்பதும் அப்போதுதான், அதாவது பெட்டியை எடுக்கவேண்டிய நேரமும் அதுவே.

சுவரை ஒட்டியும் தரையிலும் பெட்டியை வைக்காதீர்கள், கரையான் கீழிருந்துதான் ஏறும். மர அலமாரியைவிட இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா நல்லது, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள், மாத்திரை டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வருவதைச் சேர்த்து வைத்தாலே போதும். அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டவேண்டாம், வெயில் காலத்தில் ரப்பர் உருகி ஒட்டிக்கொள்ளும், ஜிப் பையில் போடுங்கள். சீட்டு வகைகளுக்குப் பிளாஸ்டிக் உறை தனியாகக் கிடைக்கிறது. ஏற்கெனவே வளைந்த பலகையை வெயிலில் காயவைக்காதீர்கள், இன்னும் மோசமாக முறுக்கிக்கொள்ளும். நிழலில் உலரவிட்டு, இரண்டு தாளுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகம் அடுக்கி நாலைந்து நாள் விட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். முறுக்கோ அதிரசமோ தின்றுகொண்டே ஆடக்கூடாது என்பதை மட்டும் எங்கள் வீட்டில் சட்டமாக வைத்திருக்கிறோம், எண்ணெய்க் கறை போகவே போகாது.

பிள்ளைகள் எல்லாம் வெளியூர் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எங்களுக்கு ஏதாவது?

இந்தக் கேள்வி வரவர அதிகமாக வருகிறது, வல்லம், திருவையாறு, வேதாரண்யம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும். அசூல், கார்கசோன், கிங்டொமினோ மூன்றுமே இரண்டு பேருக்கு மிக நன்றாக இருக்கும். கிங்டொமினோவை இரண்டு பேர் ஆடும்போது ஏழுக்கு ஏழு கட்டமாக ஆடிப்பாருங்கள், அதற்கு விதிப்புத்தகத்திலேயே வழி இருக்கிறது.

ஸ்கை டீம் இரண்டு பேருக்கென்றே செய்தது. ஒருவர் விமானி, இன்னொருவர் துணை விமானி, ஆளுக்கு நாலு பகடை. பகடையை உருட்டும் முன் பேசிக்கொள்ளலாம், உருட்டியபின் வாய் திறக்கக்கூடாது, எதிரே இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று புரிந்துகொண்டு பகடையை வைத்து விமானத்தைத் தரையிறக்கவேண்டும். நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இது ஏற்றது, இருபது நிமிஷத்தில் ஒரு ஆட்டம்.

பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பேரப்பிள்ளையோடு ஆடவேண்டும் என்றால் போர்டு கேம் அரீனா என்ற தளத்தில் கார்கசோனும் கிங்டொமினோவும் இருக்கின்றன. ஒவ்வொருவரும் நேரம் கிடைக்கும்போது தன் முறையை ஆடும் ஏற்பாடும் அதில் உண்டு, அதனால் நேர வித்தியாசம் ஒரு தடையில்லை. ஆனால் முதலில் நிஜப் பெட்டியில் ஒரு தடவை கையால் தொட்டு ஆடிவிட்டுப் போனில் தொடங்குங்கள், பெரியவர்களுக்கு அப்போதுதான் திரையில் நடப்பது புரியும். பேரப்பிள்ளை அடுத்த லீவுக்கு வரும்போது அந்தப் பெட்டியை வாங்கிவரச் சொல்லிவிடுங்கள்.